அப்பாவின் லேத்தும் உங்கள் அரியரும்

கேள்வி: ஐயா, சென்னைக்கு வெளியே உள்ள ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ், தெர்மோடைனமிக்ஸ் இரண்டிலும் அரியர். இந்த செமஸ்டரில் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸும் பயமுறுத்துகிறது. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் டர்னர், லேத் (கடைசல் மெஷின்) ஓட்டுகிறவர். "என்னை மாதிரி கிரீஸ்லயே கெடக்காத" என்கிறார். கோர் கம்பெனிகளில், அதாவது மெக்கானிக்கல் துறைக் கம்பெனிகளில் வேலையே இல்லை, ஐ.டி.க்குப் போய்விடு என்று சீனியர்கள் சொல்கிறார்கள். 65,000 ரூபாய் கட்டி கோடிங் கோர்ஸில் சேரலாமா? அப்பா கடன் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நான் மெக்கானிக்கல் எடுத்ததே தப்பா?
- ஒரு மாணவர், அம்பத்தூர்

பதில்: தம்பிக்கு வணக்கம். பணம் சம்பந்தப்பட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போது கட்ட வேண்டாம். அப்பாவைக் கடன் வாங்க விடாதீர்கள்.

கோடிங் உங்களுக்கு வராது என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு அரியர் கையில், மூன்றாவது பாடம் வாசலில் என்று இருக்கும்போது சனி ஞாயிறு முழுவதையும் இன்னொரு வகுப்புக்குக் கொடுத்தால் இதுவும் போகும், அதுவும் போகும். கேம்பஸுக்கு வருகிற ஐ.டி. கம்பெனிகளும் பெரும்பாலும் ஸ்டாண்டிங் அரியர் இல்லாதவர்களைத்தான் உட்கார வைக்கின்றன. ஆக, எந்தப் பக்கம் போவதானாலும் அரியரைத் தாண்டித்தான் போக வேண்டும். கோடிங்கில் நிஜமாகவே ஆசை இருந்தால் என்.பி.டெல். தளத்தில் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்தும் பைத்தான் பாடங்கள் இருக்கின்றன. பார்க்கவும் படிக்கவும் காசு கிடையாது. சான்றிதழ் தேர்வு எழுதினால்தான் கட்டணம். அடுத்த லீவில் அதில் ஒன்றை முழுசாக முடித்துப் பாருங்கள். முடித்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது பேசலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகளில் உற்பத்தியிலும் தரக் கட்டுப்பாட்டிலும் பல வருஷம் இருந்தவன் நான். புதிதாக வருகிற பட்டதாரிகளை இன்டர்வியூ எடுக்கிறவனும்கூட. உங்கள் கடிதத்தில் அப்பாவின் வேலையை ஒரு குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்களிடம் இருப்பதிலேயே பெரிய சொத்து அதுதான் என்று படுகிறது. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பயமுறுத்துகிறது என்கிறீர்கள். அந்தப் பாடத்தின் பாதியை உங்கள் அப்பா தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

லேத்தில் ஒரு துளையை உள்ளே குடைந்து பெரிதாக்க, முனையில் டூல் மாட்டிய ஒரு கம்பியை நீட்டுவார்கள். அதுதான் போரிங் பார். இன்று ராத்திரி அவர் வீட்டுக்கு வந்ததும் கேளுங்கள்: "போரிங் பாரை ரொம்ப நீட்டி வெச்சு ஓட்டினா என்ன ஆகும்பா?" "சேட்டர் அடிக்கும், ஃபினிஷ் போயிடும், போர் சைஸ் வராது" என்பார். சேட்டர் என்றால் அதிர்வு, போர் என்றால் துளை. "எவ்வளவு நீட்டலாம்?" என்று கேளுங்கள். பாரின் விட்டத்தைப் போல மூன்று, நான்கு மடங்குக்கு மேல் போகாதே என்கிற மாதிரி ஒரு கணக்கு வைத்திருப்பார்.

இப்போது நோட்டை எடுங்கள். ஒரு முனையில் பிடித்து, மறு முனையில் வெட்டும் விசை தாங்குகிற போரிங் பார்தான் உங்கள் புத்தகத்தில் வருகிற கேன்டிலீவர் பீம். முனையில் அது எவ்வளவு வளையும்? விசையை நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தால் பெருக்கி, 3 ஈ.ஐ.-யால் வகுக்க வேண்டும். ஈ என்பது பொருளின் விறைப்பு, ஐ என்பது குறுக்குவெட்டின் வடிவத்தைப் பொறுத்த எண். பாரின் விட்டம் 20 மி.மீ., வெளியே நீட்டிய நீளம் 80 மி.மீ., குறுக்கே தள்ளும் விசை 500 நியூட்டன் என்று வையுங்கள். ஸ்டீலுக்கு ஈ மதிப்பு ஒரு சதுர மி.மீ.க்கு 2 லட்சம் நியூட்டன். வட்டக் குறுக்குவெட்டின் ஐ மதிப்பு, பையை விட்டத்தின் (டி) நான்மடியால் பெருக்கி 64-ஆல் வகுத்தது. அது 7,854 வரும். போட்டுப் பார்த்தால் வளைவு சுமார் 0.054 மி.மீ.

அதே பாரை 160 மி.மீ. நீட்டுங்கள். நீளம் இரண்டு மடங்கு, வளைவு எட்டு மடங்கு: 0.43 மி.மீ. அப்பா "நீட்டாதே" என்று சொன்னதன் கணக்கு இதுதான். அவ்வளவு ஆழம் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் என்ன செய்வார்? தடிமனான பார் போடுவார். 25 மி.மீ. பார் போட்டால் ஐ மதிப்பு 2.44 மடங்கு கூடும், வளைவு 0.18 மி.மீ.க்கு இறங்கும். விட்டம் கால் பங்குதான் கூடியது, விறைப்பு இரண்டரை மடங்கை நெருங்கிவிட்டது. ஃபார்முலாவை மனப்பாடம் செய்தவருக்குப் பரீட்சை மறுநாள் இது மறந்துவிடும். இதை ஒரு தடவை பட்டறையில் வைத்து யோசித்தவருக்கு மறக்க வழியில்லை.

கொஞ்சம் பொறுங்கள், இதே துளையில் இன்னும் இரண்டு பாடம் இருக்கிறது. டிராயிங்கில் 40 எச்7 என்று போட்டிருந்தால், துளை 40.000-லிருந்து 40.025 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். மொத்தச் சலுகையே 25 மைக்ரான். பார் 54 மைக்ரான் வளைந்தால் அது ஆரத்தில். விட்டத்தில் அதைப் போல இரண்டு மடங்கு துளை சிறுத்துவிடும். அதனால்தான் கடைசி வெட்டை லேசாகக் கொடுக்கிறார்கள். விசை 100 நியூட்டனுக்கு இறங்கினால் வளைவு 11 மைக்ரானுக்கு வந்துவிடும். டர்னர்கள் அதே செட்டிங்கில், டூலை உள்ளே கொடுக்காமல், இன்னொரு தடவை வெறுமனே ஓட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் கட் என்பார்கள். முதல் ஓட்டத்தில் வளைந்து விட்டுவைத்ததை இரண்டாவது ஓட்டம் எடுக்கிறது. சரி, அந்தத் துளையை எதை வைத்து அளப்பீர்கள்? வெர்னியர் என்று சொன்னால் இன்டர்வியூவில் அங்கேயே நிறுத்திவிடுவேன். சாதாரண வெர்னியரின் லீஸ்ட் கவுன்ட், அது காட்டும் மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ., அதாவது 20 மைக்ரான். 25 மைக்ரான் சலுகையை அதை வைத்து எப்படித் தீர்ப்பு சொல்வது? போர் கேஜ் வேண்டும். எண்ணிக்கை அதிகமென்றால் கோ, நோ-கோ பிளக் கேஜ்: ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. இது மெட்ராலஜி பாடம். உங்களுக்கு இனிமேல்தான் வரும், ஆனால் இப்போதே பாதி தெரிந்துகொண்டாயிற்று.

நான் இன்டர்வியூவில் விரும்பிக் கேட்கும் ஒரு கேள்வியும் இதையொட்டித்தான். "வளைவைக் குறைக்க அந்த ஸ்டீல் பாரை ஹார்டனிங் செய்தால் போதுமா?" வருகிறவர்களில் பெரும்பாலோர் போதும் என்கிறார்கள். போதாது. ஹார்டனிங் (சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்குவது) செய்தால் பார் தாங்கும் பலம் கூடும், தேய்மானம் குறையும். ஆனால் ஈ மதிப்பு கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும், வளைவும் அப்படியே. விறைப்பு வேண்டுமென்றால் ஈ அதிகமுள்ள பொருளுக்குப் போக வேண்டும். கார்பைடு ஷாங்க் போட்ட பார்களை அதிகம் நீட்ட முடிவது அதனால்தான். அதன் ஈ ஸ்டீலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பலம் வேறு, விறைப்பு வேறு என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டால், உங்கள் கல்லூரி எது என்று யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் அது இரண்டாம்பட்சம்.

உங்கள் பாடங்கள் எல்லாவற்றையும் இப்படி ஒரே ஒரு பொருளில் கட்டிப் பாருங்கள். கொஸ்டின் பேங்க் வைத்துப் படிக்கும்போது ஒவ்வொரு பாடமும் தனித்தனித் தீவாகத் தெரிகிறது. ஒன்றில் தோற்றால் அடுத்ததும் இருட்டாகிவிடுகிறது. பட்டறையில் அவை ஒரே துளைக்குள் சேர்ந்து கிடக்கின்றன.

இனி அரியர். எஞ்சினியரிங் மெக்கானிக்ஸில் தோற்பவர்களின் விடைத்தாளைப் பார்த்தால் கணக்கில் தவறு குறைவு, படத்தில்தான் தவறு. ஃப்ரீ பாடி டயாகிராம் போடாமலே சமன்பாட்டுக்குத் தாவியிருப்பார்கள். ஏணிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் ஏணி, அடி சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, தலை 4 மீட்டர் உயரத்தில், எடை 200 நியூட்டன், சுவர் வழவழப்பானது. ஏணியை மட்டும் தனியே வரையுங்கள். சுவரையும் தரையையும் அழித்துவிடுங்கள். அழித்த ஒவ்வொரு இடத்திலும் அது கொடுத்துக்கொண்டிருந்த விசையைப் போடுங்கள். வழவழப்பான சுவர் நேர் குறுக்காக மட்டும் தள்ளும். தரை மேலே தள்ளும், உராய்வால் சுவரை நோக்கியும் தள்ளும். எடை நடுவில் கீழே. இப்போது திருப்புமையை (மொமென்ட், அதாவது விசையைத் தூரத்தால் பெருக்கியது) அடிப்புள்ளியைச் சுற்றி எடுங்கள். தரையின் இரண்டு விசைகளும் அந்தப் புள்ளி வழியே போவதால் கணக்கிலேயே வராது. சுவர் விசையை 4-ஆல் பெருக்கினால் 200-ஐ 1.5-ஆல் பெருக்கியதற்குச் சமம். ஆக 75 நியூட்டன். உராய்வும் அதே 75, தரை 200. வழுக்காமல் நிற்க உராய்வுக் கெழு குறைந்தது 0.375 வேண்டும். மூன்று வரியில் முடிந்தது. தெரியாத விசைகள் அதிகம் சேருகிற புள்ளியைத் தேடி, அங்கே திருப்புமை எடுப்பது என்ற ஒரு பழக்கம் வந்துவிட்டால் முதல் இரண்டு யூனிட்டில் பயம் போய்விடும். தினமும் இரண்டு கணக்கு, படம் பெரிதாக, ஸ்கேல் வைத்து. அது போதும்.

தெர்மோடைனமிக்ஸில் சிக்கல் வேறு மாதிரி. எதைச் சுற்றிக் கோடு போடுகிறோம் என்று முடிவு செய்யாமல் ஃபார்முலா தேடுவதுதான் அங்கே வழக்கமான வியாதி. கணக்கைப் படித்ததும் முதலில் எழுத வேண்டியது: இது மூடிய அமைப்பா, உள்ளே வந்து வெளியே போகும் திறந்த அமைப்பா? அடுத்து, எது மாறாமல் இருக்கிறது: அழுத்தமா, கன அளவா, வெப்பநிலையா? இந்த இரண்டு வரி எழுதாமல் கால்குலேட்டரைத் தொடாதீர்கள்.

ஸ்டீம் டேபிளைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அதைக் கதைப்புத்தகம் மாதிரி ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள் என்பதுதான். இங்கே பார் என்பது அழுத்தத்தின் அளவு. 1 பாரில் தண்ணீர் 99.6 டிகிரியில் கொதிக்கிறது. 2 பாரில் 120. 10 பாரில் 180-ஐத் தொடுகிறது. வீட்டுக் குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகும் காரணம் அந்த இரண்டாவது எண். எண்ணூர் பக்கம் போனால் வட சென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். உள்ளே நடப்பது உங்கள் சிலபஸில் இருக்கும் ரேங்கின் சுழற்சிதான். டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியைக் கண்டென்சரில் கடல் நீரால் குளிர்வித்துத் தண்ணீராக்கி, மறுபடி பாய்லருக்குள் அனுப்புகிறார்கள். "வெப்பத்தை வீணாகக் கடலுக்குக் கொடுப்பானேன், நீராவியையே அழுத்தி உள்ளே தள்ளலாமே?" என்று தோன்றும். ஒரு கிலோ தண்ணீரை 100 பாருக்குப் பம்ப் செய்ய ஏறக்குறைய 10 கிலோஜூல் போதும், காரணம் அதன் கன அளவு 0.001 கன மீட்டர்தான். நீராவியின் கன அளவு அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. அதை அழுத்தப் போனால் டர்பைன் சம்பாதித்ததையெல்லாம் அங்கேயே செலவழிக்க வேண்டியதுதான். இந்த ஒரு காரணம் புரிந்தால் சுழற்சியின் நான்கு கட்டங்களும் தானாக நினைவில் நிற்கும்.

தமிழ் மீடியம் என்று எழுதியிருப்பதால் ஒரு வார்த்தை. சிவிலும் மெக்கானிக்கலும் அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே தமிழ் வழியில் தொடங்கிய படிப்புகள்தான். இந்தத் துறையைத் தமிழில் யோசிப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. தமிழில் புரிந்துகொள்ளுங்கள், விடையை ஆங்கிலத்தில் குட்டிக் குட்டி வாக்கியமாக எழுதிப் பழகுங்கள். வைவாவில் தடுமாறினால் பேப்பரை இழுத்துப் படம் போடுங்கள். நல்ல எக்ஸாமினர் படத்தைத்தான் பார்ப்பார்.

கோரில் வேலையே இல்லையா? பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றபோது எத்தனை வீடுகளில் அது எதிரொலித்தது என்று இந்த ஊருக்குத் தெரியும். ஆரம்பச் சம்பளமும் உதிரிபாகக் கம்பெனிகளில் ஐ.டி.யைவிடப் பெரும்பாலும் குறைவுதான், ஷிஃப்ட் உண்டு, முதல் இரண்டு மூன்று வருஷம் நின்றுகொண்டேதான் வேலை. இதைத் தெரிந்துகொண்டு வர வேண்டும். ஆனால் நீங்கள் உட்கார்ந்திருப்பது எந்த ஊரில் என்பதையும் பாருங்கள். பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-லிருந்து ரயில் பெட்டி கட்டுகிறது. முதல் வந்தே பாரத் ரயில் 2018-ல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ நிசானுக்காகக் கட்டிய ஆலையும் ராயல் என்ஃபீல்டும், பாடியில் அரை நூற்றாண்டு தாண்டிய உதிரிபாக ஆலைகள். இவற்றுக்கெல்லாம் சின்னச் சின்னப் பாகம் செய்து கொடுக்கும் அம்பத்தூர், திருமுடிவாக்கம், காக்களூர் பட்டறைகள்.

மின்சார வண்டி வந்தால் பிஸ்டனும் கிராங்க் ஷாஃப்டும் குறையும், உண்மை. பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பாடி எங்கும் போகாது. பேட்டரியைச் சூடேறாமல் வைத்திருப்பதே ஒரு ஹீட் டிரான்ஸ்ஃபர் பிரச்சினை. அதற்கு நம் ஆட்கள்தான் வேண்டும். டிசைன், சிமுலேஷன் பக்கம் போகிறவர்களுக்கு மகிந்திரா சிட்டியிலும் ஒரகடத்திலும் ஆராய்ச்சி மையங்கள் இருக்கின்றன. அங்கே கோடிங் தெரிந்த மெக்கானிக்கல் ஆளுக்குத் தனி மதிப்பு. அதனால் கோடிங்கையும் மெக்கானிக்கலையும் எதிர் எதிராக நிறுத்தாதீர்கள்.

சாஃப்ட்வேர் விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. ஒரே வருஷத்தில் ஐந்து கேட் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடும்) சாஃப்ட்வேருக்குச் சான்றிதழ் வாங்கி வருகிறார்கள். ஒரு பாகத்தின் டிராயிங்கைக் கொடுத்து இது ஃபர்ஸ்ட் ஆங்கிளா, தேர்ட் ஆங்கிளா என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒரு பாகத்தின் வெவ்வேறு பக்கத் தோற்றங்களைத் தாளில் எங்கே வைத்து வரைவது என்பதில் உள்ள இரண்டு வழக்கங்கள் அவை. கல்லூரியில் நாம் படிப்பது ஃபர்ஸ்ட் ஆங்கிள். அமெரிக்க, ஜப்பானியக் கம்பெனி டிராயிங்குகள் தேர்ட் ஆங்கிளில் வரும். மாற்றிப் படித்தால் துளை எதிர்ப்பக்கம் விழும், மொத்த லாட்டும் ஸ்கிராப். ஒரே ஒரு சாஃப்ட்வேர் போதும், ஆனால் டிராயிங் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கும் அப்பாதான் முதல் வாத்தியார். பட்டறையில் பழைய டிராயிங் ஏதாவது இருந்தால், முதலாளியிடம் கேட்டு அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு குறியும் என்ன சொல்கிறது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாம் வருஷம் வந்தால் ரெடிமேட் புராஜெக்ட் விற்பவர்கள் தேடி வருவார்கள். வாங்காதீர்கள். விலைக்கு வாங்கியது இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். பட்டறையில் எந்த ஜாபை மாட்டவும் கழற்றவும் அதிக நேரம் ஆகிறது என்று பாருங்கள். அதற்கு, பாகத்தை இடம் மாறாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு ஃபிக்ஸ்சர் டிசைன் செய்யுங்கள். ஒரு பாகத்தை ஆறு புள்ளியில் எப்படி நிலைநிறுத்துவது என்ற 3-2-1 விதியை அதில் கற்றுக்கொள்வீர்கள். முன்பு ஒரு ஜாபுக்கு எத்தனை நிமிஷம், இப்போது எத்தனை என்று ஸ்டாப் வாட்ச் வைத்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாளோடு என் முன்னால் வந்து உட்கார்கிறவரை நான் சீக்கிரம் எழுப்ப மாட்டேன்.

அப்பா சொன்ன "கிரீஸ்" விஷயம். அவர் சொல்வதில் வலி இருக்கிறது; எதிர்த்துப் பேசாதீர்கள். பகல் முழுக்க நின்று சம்பாதித்து, பிள்ளைக்கு நிழல் வேண்டும் என்று நினைக்கிறார். அவரிடம் போய் நான் சொன்ன அந்தப் போரிங் பார் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 54 மைக்ரான் என்று எழுதி, "நீங்க ஸ்பிரிங் கட் குடுக்கிறது இதுக்குத்தானே?" என்று கேளுங்கள். மீதியை அவரே பேசுவார்.

கோடை லீவில் ஒரு மாதமாவது இன்பிளான்ட் டிரெய்னிங் போங்கள். கல்லூரியில் போனஃபைடு கடிதம் வாங்கி, பெரிய கம்பெனிகளுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதிப் போடுங்கள். பதில் வராவிட்டால் எஸ்டேட்டிலேயே ஹீட் ட்ரீட்மென்ட், கிரைண்டிங், ஃபவுண்டரி என்று நீங்கள் பார்த்திராத வேலை நடக்கும் இடமாகக் கேளுங்கள். டிகிரி முடித்த பிறகு அப்ரென்டிஸ் பயிற்சிக்கு வழி இருக்கிறது. தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரென்டிஸ்ஷிப் பயிற்சி வாரியம் அதைக் கவனிக்கிறது. கடைசி செமஸ்டரிலேயே விசாரித்து வையுங்கள்.

பட்டறைக்குப் போகும்போது சேஃப்டி ஷூ, கண்ணாடி கட்டாயம். மோதிரம், கைக்கயிறு, கழுத்துச் செயின் எல்லாம் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள், ஐ.டி. கார்டு டேகைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பாகத்தைப் பிடித்தபடி சுற்றிக்கொண்டிருக்கும் சக் பக்கத்தில் துணிக் கையுறை போடவே கூடாது, கையை இழுத்துக்கொள்ளும். சுருளாக வரும் சிப்பைக் கையால் பிடிக்காதீர்கள், அதற்கென்று கொக்கி இருக்கும். சக்கை இறுக்கும் சாவியான சக் கீயை மாட்டியபடி விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்வது பல பட்டறைகளில் நடந்திருக்கும் விபத்து. கீயைக் கையிலிருந்து விடும் இடம் சக் அல்ல, டிரே.